யாரு பெத்த பொண்ணோ

"இது யாருன்னு தெரியுதா?" ஆய்வு உதவியாளர் திரையில் ஒரு படத்தைக் காட்டினாள்.

"தெரியலம்மா. கண்ணு, மூக்கு, வாய் எல்லாம் தனித்தனியா தெரியுது. ஒரு முகமா சேர மாட்டேங்குது. குரலைக் கேட்டா உடனே சொல்லிடுவேன்," என்றார் நாற்காலியில் இருந்தவர். மூளையில் ரத்தம் கட்டிப் பிழைத்ததிலிருந்து அவருக்கு எந்த முகமும் பிடிபடுவதில்லை.

எதிரே, மனிதப் பார்வையை ஆராயும் பேராசிரியர் கணினியில் ஓடும் மூளை அலைகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். சோதனை முடியும்வரை அவர் வாய் திறப்பதில்லை. அது அவரே போட்ட விதி.

"ஏம்மா, பேசினா உங்க புரொபசர் வாயிலேர்ந்து முத்து உதிர்ந்துடுமா?"

உதவியாளர் கடைசிப் படத்தைப் போட்டாள். ஒரு பெண்ணின் படம்.

நாற்காலியில் இருந்தவர் அதை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். பேராசிரியர் கணினியை மறந்து அவரையே பார்த்தார்.

"ம்ஹூம். நல்லா சிரிக்கிறாங்க, யாரு பெத்த பொண்ணோ. சீக்கிரம் முடிம்மா. என் வீட்டுக்காரி இங்கதான் பாடம் எடுக்கிறா. கிளாஸ் முடிஞ்சதும் என்னைக் கூட்டிட்டுப் போக வந்துடுவா."

பேராசிரியர் திரையை அணைத்தார். வெள்ளைக் கோட்டைக் கழற்றி மாட்டினார். சத்தமில்லாமல் வெளியே போய், அதே கதவைத் திறந்துகொண்டு மறுபடி உள்ளே வந்தார்.

"என்னங்க, போலாமா?"

நாற்காலியில் இருந்தவரின் முகம் மலர்ந்தது.

"வந்துட்டியா? உன்னைப் பார்க்கணும்னு எவ்வளவு நேரமா உட்கார்ந்திருக்கேன் தெரியுமா?"