எண் இல்லாத சுருக்கம்

“இதுல எண் எங்க இருக்கு?”

அச்சுப்பொறியிலிருந்து வந்த தாளை மகள் எடுப்பதற்குள், ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியரான அப்பா எடுத்துவிட்டார். சிவப்புப் பேனாவும் கைக்கு வந்துவிட்டது.

மகள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது மணிக்குள் ஆய்வுச் சுருக்கம் பல்கலைக்கழகத்துக்குப் போயாக வேண்டும். தவறினால் கருத்தரங்கில் இடம் இல்லை. “எங்க சமூகவியல்ல எண் கட்டாயமில்லப்பா. என்ன கேட்டோம், என்ன புரிஞ்சுதுன்னு சொன்னாப் போதும். குடுங்க, நேரமாச்சு.”

“எண் இல்லாம எழுதினா அதுக்குப் பேரு வதந்தி. உன் பேருக்கு முன்னால நிக்கறது என் பேரோட முதல் எழுத்து. அரைகுறையா எதுவும் இந்த வாசலைத் தாண்டாது.”

“ஆபீஸ் கிளம்பறேன்ப்பா,” என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு மகன் வெளியே போனான். தோள்பை சப்பையாகத் தொங்கியது. எட்டே முக்கால் ஆனால் கிளம்பிவிடுவான். அந்த ஒழுங்கு தன் வளர்ப்பு என்பதில் அப்பாவுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார். “‘தந்தையின் கோபத்துக்கு அஞ்சி, அவரை மட்டும் விலக்கியே உண்மைகள் பகிரப்படுகின்றன. மகன் வேலையிழந்து ஏழு மாதமாகியும் தந்தை அறியார். தாயும் அந்தப் பொய்யைக் காக்கிறார்.’” தாளை மேசையில் போட்டார். “ஏழு மாசம்! கண்ணை எங்க வச்சிருந்தான் அந்த ஆளு? வீடா அது, நாடகக் கொட்டகையா?”

“பாவம்ப்பா அவர். யாரும் சொல்லல.”

“சொல்ற மாதிரி அவன் நடந்துக்கல. அதையும் சேர்த்து எழுது.”

மகள் கணினியில் சேர்த்தாள். விரல் இரண்டு முறை தவறியது. “அனுப்பிடட்டுமா? பத்து நிமிஷம்தான் இருக்கு.”

“எத்தனை வீடுன்னு போடாம அனுப்பக் கூடாது.”

பொறுமையிழந்து எழுந்து நடந்தார். செருப்புச் சத்தம் கேட்டதும், சமையலறையில் யாருடனோ தொலைபேசியில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்த மனைவியின் பேச்சு சட்டென்று நின்றது.

“சொல்லு. அம்பது வீடா, நூறா?”

மகள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஒரே வீடுதான்ப்பா.”