நேரில் போன போதகர்

"இதைப் பாருங்க ஐயா!"

பாடகர் குழுத் தலைவர் வெள்ளைச் சட்டையின் முழங்கையைத் திருப்பிக் காட்டினார். ஆலய பெஞ்சின் தூசி அப்படியே அதில் அப்பியிருந்தது.

"மூணு வாரமா பெருக்குற அம்மா எட்டிக்கூடப் பாக்கலை. சொல்லாம கொள்ளாம நின்னுட்டாங்க. வேற ஆளைப் போட்டுடலாம்."

போதகர் யோசித்தார். அந்தப் பெண்ணை ஆறு வருஷமாகப் பார்க்கிறார். குனிந்த தலை, கையில் துடைப்பம். அவர் வந்தால் சுவரோரம் ஒதுங்கி நிற்பாள். பேர்தான் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

"ஆள் அனுப்பிக் கூப்பிடட்டுமா? நல்லா நாலு வார்த்தை கேளுங்க."

"வேண்டாம். நானே வீட்டுக்குப் போறேன். பொறுப்புல இருக்கிறவன்தான் இறங்கிப் போகணும்."

"அடடா! இந்தத் தாழ்மை வேற யாருக்கு ஐயா வரும்?"

போதகருக்கு உள்ளே குளிர்ந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் அங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு வெளியே வந்தார்.

வாசலில் காவலாளியிடம் அந்தப் பெண்ணின் வீடு எங்கே என்று கேட்டார். காவலாளி ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"பின்சந்துதான் ஐயா. நம்ம கோபுரத்து நிழல் விழுதே, அந்த மூணாவது வீடு."

"அவ்வளவு பக்கத்துலயா!"

காவலாளி ஏதோ சொல்ல வந்து, வாயை மூடிக்கொண்டார்.

ஆறு வருஷத்தில் அந்தச் சந்துக்குள் போதகர் கால் வைத்ததில்லை. கதவைத் தட்டியதும் திறந்தது அவளுடைய நாத்தனார். அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இப்பவாவது வழி தெரிஞ்சுதே!"

உள்ளே ஒரே அறை. பாயிலிருந்து பதறி எழுந்தாள் அவள். இருந்த ஒரே நாற்காலியில் குவிந்திருந்த துணிகளை அள்ளிக் கீழே போட்டாள்.

"உக்காருங்க ஐயா. நீங்க எதுக்கு இவ்வளவு தூரம்..."

உட்கார்ந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"என்னம்மா இது? மூணு வாரமா ஆளையே காணோம். ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? பெஞ்செல்லாம் தூசி. பாட வர்றவங்க துணியெல்லாம் பாழாகுது."

"தப்புதான் ஐயா. திங்கக்கிழமையிலேருந்து வந்துடறேன்."

"வராததுக்குக் காரணம் என்ன?"

அவள் தலை குனிந்துகொண்டாள். நாத்தனாருக்குத்தான் பொறுக்கவில்லை.

"என் தம்பி போய்ட்டான்யா. இவ வீட்டுக்காரன். வேலை செய்ற இடத்துல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தவன் எந்திரிக்கவே இல்லை. இன்னியோட இருபத்திரண்டு நாள்."

போதகருக்குச் சுரீரென்றது. சாவு வீட்டுக்கு வந்தா பெஞ்சுத் தூசியைப் பற்றிப் பேசினோம்? அந்த நாற்காலியில் உட்காரவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை. வெட்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல், குரலை உயர்த்தினார்.

"ஏம்மா, நான் என்ன அந்நியனா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா? தெரிஞ்சிருந்தா எல்லா வேலையையும் போட்டுட்டு ஓடி வந்திருப்பேனே! நானே கூட நின்னு அடக்க ஆராதனை நடத்தியிருப்பேனே!"

நாத்தனாரின் வாய் பிளந்தது.

"ஐயா, என்ன பேசறீங்க? அன்னிக்கு..."

"அண்ணி!" அவசரமாகக் குறுக்கிட்டாள் அவள். "தெருக்குழாய்ல ஐயாவுக்குக் குடிக்கத் தண்ணி பிடிச்சிட்டு வாங்களேன்."

"இப்பவா?"

"போங்கண்ணி. கெஞ்சிக் கேக்கறேன்."

நாத்தனார் முறைத்துக்கொண்டே செம்பை எடுத்துக்கொண்டு போனாள்.

அவளுடைய செருப்புச் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. இவள் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்து, தணிந்த குரலில் சொன்னாள்:

"வேற யார்கிட்டயும் இப்படிச் சொல்லிடாதீங்க ஐயா. உங்களைத் தப்பா நினைப்பாங்க. அன்னிக்குக் கல்லறையில அடக்க ஆராதனையை நீங்கதான் வந்து நடத்தி வச்சீங்க... என் தலையில கை வச்சு ஜெபமும் பண்ணீங்க."