கனவுக்கு ப்ரூஃப் பார்த்தவர்

லிஃப்டில் யானை ஏறியதாக அவள் எழுதியிருந்த வரிக்குப் பக்கத்தில், 'ஆறு பேர் மட்டுமே. சரிபார்க்கவும்' என்று கணவர் பென்சிலால் குறித்திருந்தார்.

அவர் அச்சகத்தில் ப்ரூஃப் பார்ப்பவர். இருபத்திரண்டு வருட உத்தியோகம். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். திருத்தின கையும் அந்த ரகம்தான். மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைக்கூடத் திருத்திவிட்டுத்தான் மாத்திரையை விழுங்குவார்.

அவளுக்குத் தூக்கம் பாதியில் கலைகிறது என்று போனபோது, டாக்டர் ஒரு கனவு நோட்டு போடச் சொன்னார். கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழுவதற்கு முன், யாரோடும் பேசுவதற்கு முன் எழுதிவிட வேண்டும். தேதி, வந்தது யார், மனசு எப்படி இருந்தது. பிழை வந்தால் வரட்டும், திருத்தவே கூடாது.

கடைசி விதியை டாக்டர் அவளிடம் சொன்னார். சொல்லவேண்டிய ஆள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பில் பிழை பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. எட்டரைக்குக் கிளம்ப வேண்டும். எழுதின நோட்டைச் சாப்பாட்டு மேசையில் போட்டுவிட்டுக் குளிக்கப் போவாள். தலை துவட்டிக்கொண்டு வருவதற்குள் திருத்தம் தயாராக இருக்கும். மனைவியின் நோட்டு என்ற மரியாதைக்காகச் சிவப்பு மை இல்லை, பென்சில்.

கனவில் பதினேழாம் நம்பர் பஸ் வீட்டு வாசலில் வந்து நின்றது. 'இந்தத் தெருவுக்கு இருபத்தேழு மட்டுமே வரும்.'

முதலில் எரிச்சலாக இருந்தது. வேலைக்குப் போகும் வழியில் நினைத்து நினைத்துத் தனியாகச் சிரித்தாள்.

மூன்றாம் நாள் அவளுடைய அப்பா வந்து, சோபாவில் உட்கார்ந்து பேப்பர் கேட்டார். 'காலமாகி ஐந்து வருடம். சரிபார்க்கவும்.'

அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

நான்காம் நாள் வந்த கனவை அவள் எழுதவில்லை. தூக்கத்தைக் கலைப்பதே அதுதான். பிறகும் பல நாள் வந்தது; எழுதவில்லை. அதன் ஓரத்தில் அந்தப் பென்சில் என்ன எழுதும் என்று அவளுக்குத் தெரியும். எழுதிவிட்டால், அப்புறம் அந்த மனிதரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட முடியாது என்றும் தெரியும்.

அந்த விஷயத்தைப் பற்றி அவர் இன்றுவரை வாயைத் திறந்ததில்லை. மறந்தே போய்விட்டார் என்று முடிவு கட்டியிருந்தாள். அவளுக்கு அது ஊமை கண்ட கனவு.

மாதம் முடிந்து டாக்டர் நோட்டைப் புரட்டினார். யானைக்கு ஒரு தடவை, பஸ்ஸுக்கு ஒரு தடவை சிரித்தார். பிறகு மூடி வைத்தார்.

"எல்லாம் இருக்கு. உங்களை எழுப்பி விடுற கனவு மட்டும் எங்கேம்மா?"

இன்று காலை அதை எழுதினாள். எழுதியும் முழுசாக எழுதவில்லை.

'யாரோ ஒரு சிறுமி. ஆறேழு வயதிருக்கும். பள்ளிக்கூடப் பையோடு கதவருகில் நின்று ஷூ லேஸைக் கட்டிவிடச் சொன்னாள். குனிந்தேன். லேஸ் கைக்கு அகப்படவில்லை.'

மனசு எப்படி இருந்தது என்ற இடத்தைக் காலியாக விட்டாள்.

நோட்டை மேசையில் வைத்தாள். குளிக்கப் போகவில்லை. கழுவின டம்ளரையே மறுபடி கழுவிக்கொண்டு நின்றாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வழக்கம்போல் ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் பென்சில் நுனியை வைத்துப் படித்தார். முதல் வரியிலேயே பென்சில் நின்றுவிட்டது.

டீயில் ஆடை படர்ந்தது. அவர் நிமிரவில்லை.

பிறகு ஏதோ குறித்தார். நோட்டை மூடாமல் அவள் பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு, ஆறின டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சட்டை மாற்றப் போனார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

'யாரோ' என்ற சொல்லை அடித்திருந்தார்.

'ஆறேழு வயதிருக்கும்' என்பதையும் அடித்து, ஓரத்தில் எழுதியிருந்தார்: 'வரும் வியாழனோடு எட்டு.'

அவள் கணக்குப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. இத்தனை வருடமும் தான் ஒருத்திதான் எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்து அந்த மனிதர்மேல் ஆத்திரப்பட்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் பதினோரு நாள் இருந்த குழந்தை. வீட்டுக்கு வரவே இல்லை.