இருபத்தோரு டன்

பாலத்தை இடிக்க வந்த பொக்லைன் அதன் நட்டநடுவில் நின்றிருந்தது. நூற்றைம்பது வருடத்துக் கல் வளைவுகள் ஐந்தும் அதைச் சுமந்துகொண்டு அசையாமல் இருந்தன. இந்தப் பாலத்தைக் காப்பாற்ற இரண்டு வருடமாக மனு மேல் மனு போட்டும் பதில் கிடைக்காத கணக்கு டீச்சர் எஸ்தர், கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று வந்தாள். கத்துவாள், குறுக்கே படுப்பாள் என்று ஆபரேட்டர் சுடலைமுத்து கீழே இறங்கித் தயாராக நின்றான். அவளோ வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

“இத எப்படிப்பா இங்கன கொண்டாந்த?”

“அக்கரையில இருந்து பாலத்து மேலதான் டீச்சர். வேற வழி ஏது?”

“எடை எவ்வளவு இருக்கும்?”

“இருபத்தோரு டன்!” என்றான், தானே தூக்கி வந்தவனைப் போல.

“அந்தப் போர்டு மறையாம கொஞ்சம் தள்ளி நில்லு. ஒரு போட்டோ எடுத்துக்கிடுதேன்.”

சிரித்தபடியே திரும்பியவன், கைப்பிடிச் சுவரில் அறைந்திருந்த போர்டை அப்போதுதான் படித்தான். ‘பாலம் வலுவிழந்துள்ளது. மூன்று டன்னுக்கு மேல் செல்லத் தடை.’ அதைக் காரணம் காட்டித்தான் இடிக்கவே உத்தரவாகியிருந்தது. சுடலைமுத்து வைத்த காலை எடுக்கவும் பயந்தான்.

“ஐயோ டீச்சர், இத இனி எப்படித் திரும்பக் கொண்டுபோவேன்?”

எஸ்தர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். போர்டு, வண்டி, பாலம் மூன்றும் பளிச்சென்று விழுந்திருந்தன.

“வந்த வழியே ஓட்டிட்டுப் போப்பா,” என்றாள். “தாங்கும்.”