பெண் பார்த்த இடம்

“பாருல பாடுற பொண்ணுக்கா அது! நான் சொன்னா நம்ப மாட்டே. நீயே வந்து பாரு.”

வைரக்கண்ணு போனில் போட்ட கூச்சலில்தான் ராஜாத்தி நன்னிலத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள்.

தஞ்சாவூரில் உரக்கடை வைத்திருக்கும் வைரக்கண்ணுவுக்கு அக்கா ஒருத்திதான். அக்காவுக்குப் பிள்ளையும் ஒருத்தன்தான், பிரபு. துபாயில் வேலை. லீவில் வந்திருக்கும் அவனுக்குக் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று ராஜாத்தி ஒற்றைக்காலில் நின்றாள். பார்த்த ஜாதகங்களில் பூர்ணிமாவுடையது அம்சமாகப் பொருந்தியது. பள்ளிக்கூடத்தில் மியூசிக் டீச்சர் என்றுதான் தரகர் சொல்லியிருந்தார். வரும் வெள்ளிக்கிழமை பெண் பார்க்கப் போவதாக ஏற்பாடு.

“அது சரி, நீ அன்னிக்கு எதுக்குடா இங்க வந்தே?” ஓட்டல் லிஃப்டில் ஏறும்போது ராஜாத்தி கேட்டாள்.

“உரக் கம்பெனிக்காரங்க மீட்டிங் வச்சாங்கக்கா. தட்ட முடியலே.”

ஓட்டலின் மொட்டைமாடி முழுக்கச் சின்னச் சின்ன மஞ்சள் விளக்குகள். சனிக்கிழமை என்பதால் மேஜைகள் நிறைந்திருந்தன. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு ராஜாத்தி ஓர் ஓரமாக உட்கார்ந்தாள்.

அவளுக்கு எலுமிச்சை ஜூஸ் வந்தது. வைரக்கண்ணு மெனு கார்டில் விரலை வைத்துக் காட்டியதற்கு, புதினா மிதக்கும் உயரமான கிளாஸ் ஒன்று வந்தது.

“இதுவும் ஜூஸ்தான்க்கா.”

“புதினா போட்டா வாடை மறைஞ்சிடுமாடா? குடி, குடி.”

வைரக்கண்ணுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்குள் கிடார் சத்தம் கேட்டது. சிறிய மேடையில் பூர்ணிமா வந்து நின்றாள். சாதாரண சுடிதார்தான். கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்தாள்.

“போட்டோவுல பார்த்த பொண்ணுதானே?”

ராஜாத்தி பாட்டையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது பாட்டில், முன் மேஜையிலிருந்து ஒருவன் கிளாஸும் கையுமாக எழுந்தான். “குத்துப் பாட்டு போடும்மா!” என்று தள்ளாடியபடி மேடையை நெருங்கினான். மைக் ஸ்டாண்டில் மோதியதில் கிளாஸில் இருந்தது அவள் துப்பட்டாவில் கொட்டியது. பாட்டு நின்றுவிட்டது.

“பார்த்தியா கண்றாவியை?” என்றான் வைரக்கண்ணு.

பூர்ணிமா மைக்கை நிமிர்த்தி வைத்தாள். “அண்ணனுக்கு எல்லாரும் ஒரு தடவை கை தட்டுங்க. அண்ணன் போய் உட்கார்ந்ததும் அவர் கேட்ட பாட்டுதான்.”

எல்லோரும் தட்டினார்கள். அவன் கும்பிடு போட்டுவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தான். அவள் சொன்னபடியே பாடினாள்.

இடைவேளையில் துப்பட்டாவைக் கழுவிக்கொண்டு வந்தவள், இவர்கள் மேஜையருகே சட்டென்று நின்றாள்.

“நீங்க... நன்னிலத்துலேர்ந்து வர்றவங்கதானே? குடும்ப போட்டோவுல பார்த்திருக்கேன்.”

வைரக்கண்ணு கிளாஸை அவசரமாக நாப்கினால் மூடினான்.

“ஆமாம்மா” என்றாள் ராஜாத்தி.

“நான் இங்க பாடுறதைச் சொல்லிடுங்கன்னு தரகர்கிட்ட முதல்லயே சொல்லியிருந்தேனே. சொல்லலீங்களா?”

“இல்லையேம்மா.”

“மன்னிச்சுக்கங்க. தெரிஞ்சப்புறம் வேண்டாம்னு தோணினா தாராளமா சொல்லிடலாம், நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். எதையும் மறைச்சு வச்சுக் கல்யாணம் பண்ணக்கூடாது பாருங்க.”

ராஜாத்தியின் முகம் என்னவோ போலானது. ஜூஸ் கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள்.

“இவனுங்களோட மல்லுக்கட்டுறது கஷ்டமா இல்லையாம்மா?”

பூர்ணிமா சிரித்தாள். “பாட்டுன்னா எனக்கு உசுரு. அதுக்காக இதைப் பொறுத்துக்கறேன். அதுவும் மேடையில நிக்கிற வரைக்கும்தானே? இறங்கிட்டா அவங்க யாரோ, நான் யாரோ. வீட்டுக்குப் போயிட்டா நிம்மதி.”

கிடார்காரர் கூப்பிட்டார். அவள் விடைபெற்றுக்கொண்டு ஓடினாள். ராஜாத்தி இன்னும் ஒரு பாட்டு கேட்டுவிட்டுத்தான் எழுந்தாள்.

ஓட்டல் வாசலில் ஆட்டோவுக்காக நின்றபோது மெல்லச் சொன்னாள்.

“வைரக்கண்ணு, இந்த இடம் வேண்டாம்னு தரகர்கிட்ட சொல்லிடு.”

“அப்படிச் சொல்லு! எனக்குத் தெரியும்க்கா. கண்டவன் முன்னாடியும் நின்னு பாடுறவ நம்ம குடும்பத்துக்குச் சரிப்படுவாளா?”

“பாட்டுல ஒரு குறையும் இல்லடா. அவளைப் பெத்தவங்க குடுத்துவச்சவங்க.”

“பின்னே ஏன் வேண்டாங்கறே?”

ராஜாத்தி தம்பியின் முகத்தைப் பார்க்காமல் சாலையைப் பார்த்தாள்.

“பிரபு லீவுல வரலடா. குடிச்சிட்டு வேலைக்குப் போனான்னு துபாயிலேர்ந்து திருப்பி அனுப்பிட்டாங்க. இங்க வந்தும் விடலே. கல்யாணம் பண்ணி வச்சா திருந்திடுவான்னு உன்கிட்டகூடச் சொல்லாம மறைச்சேன்.”

ராஜாத்தி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“மேடையை விட்டு இறங்கிட்டா குடிகாரன் தொல்லை இல்லைன்னு அந்தப் பொண்ணு நிம்மதியா இருக்கு. அவ வீட்டுக்குள்ள ஒருத்தனை நானே கொண்டுபோய் விடணுமா?”