ஓட்டத்தின் நடுவே

மைதானத்தின் செம்மண் பாதையில் ஆறுச்சாமி நின்றுவிடுகிறான். தொண்ணூற்று நான்காம் வருஷத்து மாவட்டத் தேர்வோட்டம் பாதியில் இருக்கிறது. இதில் முந்தினால்தான் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேறு வேலை தேடலாம். துடியலூர்ப் பக்கத்து நூல் மில்லில் இந்த வாரம் அவனுக்கு ராத்திரி ஷிப்டு. லீவு கிடைக்காமல், விடியும்வரை அறுந்த இழைகளை ஒட்டிவிட்டு நேராக இங்கே வந்தவன். புருவத்தில் இன்னும் பஞ்சு ஒட்டியிருக்கிறது. காலை வெயிலில் மற்றவர்களின் நிழல்கள் நீளமாக அவனைக் கடந்து போகின்றன. அவன் மனைவி பாவாத்தாள் குளுக்கோஸ் தண்ணீர் டம்ளரோடு, சிந்தச் சிந்த ஓடி வருகிறாள்.

"ஏனுங்க, காலு புடிச்சுக்கிச்சுங்களா?"

"இல்ல அம்மணி."

"பின்ன என்னங்க, ஓடுங்க!"

"ஓடீட்டே தூங்கிப்போட்டேன். கண்ணு முழிச்சுப் பாத்தா எல்லாரும் முன்னால போயிட்டாங்க."

நடுவர் விசில் ஊதி, பாதையை விட்டு விலகச் சொல்லிக் கை காட்டுகிறார். பாவாத்தாள் நீட்டும் டம்ளரை அவன் வாங்கவில்லை. குனிந்து முழங்கால்களைப் பிடித்துக்கொள்கிறான். "இனிமே ஓடறதுக்குன்னு வெடியால என்னைய எழுப்பாத அம்மணி" என்கிறான். சொல்லிவிட்டு, அவள் மறுத்துப் பேசுவாள் என்று முகத்தையே பார்க்கிறான்.

"செரிங்க" என்கிறாள் பாவாத்தாள்.