இரவல் சங்கிலி

"முடியாது. சங்கிலியத் தர மாட்டேன்."

பலசரக்குக் கடை அன்னத்தாய் இப்படி முகத்தில் அடித்த மாதிரி சொல்வாள் என்று முருகம்மாள் எதிர்பார்க்கவே இல்லை.

"அக்கா, விக்கிறதுக்கா கேக்குறேன்? என் மக நதியாவுக்குத் தாடை வீங்கிக் கிடக்கு. பொன்னுக்கு வீங்கி. கழுத்துல தங்கம் பட்டா தன்னால வத்திரும். வத்துனதும் கொண்டாந்து குடுத்துர்றேன்."

"வாயத் திறக்குறாளா?"

"எங்கக்கா திறக்குறா? கஞ்சி கூட இறங்கல."

"அப்பத் தங்கம் வேணாம். மதுரைக்குக் கூட்டிட்டுப் போ. காருக்கு வேணும்னா நான் தாரேன்."

"பொன்னுக்கு வீங்கிக்கு மதுரைக்கா? சின்னப்புள்ளையில எங்களுக்கெல்லாம் வரலையா?"

அன்னத்தாய் முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள்.

அப்போது நடவு நேரம். சின்னமனூரில் அந்தத் தெருப் பெண்களின் நகையெல்லாம் பேங்கில் போய்ப் படுத்திருந்தது. முருகம்மாள் கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு. மிச்சமிருந்தது அன்னத்தாயின் சங்கிலி ஒன்றுதான்.

அவளும் அவள் புருஷன் குருசாமியும் போன வருஷம்தான் கெங்குவார்பட்டியிலிருந்து வந்து கடை போட்டார்கள். பிள்ளை குட்டி இல்லாத வீடு. பிறகு யாருக்குக் கட்டிக் காக்கிறாளாம்? தெரு கேட்டது. எவருக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

"காருக்குக் குடுப்பாளாம், சங்கிலியக் குடுக்க மாட்டாளாம். நான் என்ன, வாங்கிக்கிட்டு ஊரை விட்டு ஓடிருவேனா?" என்று முருகம்மாள் வீட்டுக்கு வீடு சொல்லி அழுதாள்.

மறுநாள் காலையில் நதியாவால் எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை. வீக்கம் கழுத்துக்கு இறங்கியிருந்தது. மூச்சில் கரகரவென்று ஒரு சத்தம். பத்தொன்பது வயசுப் பெண், பேச முடியாமல் அம்மாவின் கையைப் பிடித்துத் தன் கழுத்தில் வைத்துக் காட்டினாள்.

இனி தங்கத்துக்கு எங்கே போவது? வேறு வழியில்லாமல் முருகம்மாள் அவளைப் போர்வையில் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கேட்காமலேயே குருசாமி ஒரு காரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். முருகம்மாள் ஏறிக்கொண்டாள். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மதுரையில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

"இது பொன்னுக்கு வீங்கி இல்லம்மா. ஞானப்பல். நேரா முளைக்காம தாடை எலும்புக்குள்ள படுத்துக் கிடக்கு. அதச் சுத்திச் சீழ் பிடிச்சு எலும்பை அரிச்சிருச்சு. இன்னைக்கு வரலேன்னா மூச்சுக்குழாய அடைச்சிருக்கும்."

நதியா உயிர் பிழைத்தாள். ஆனால் அரித்துப்போன எலும்பை வெட்டி எடுத்துவிட்டார்கள். வீடு திரும்பியபோது ஒரு பக்கக் கன்னம் உள்ளே ஒடுங்கியிருந்தது.

தை மாதம் அவளுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். லோயர் கேம்ப் மாப்பிள்ளை வீட்டார் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார்கள். பார்த்தார்கள். காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். பிறகு ஆள் மூலம் சொல்லியனுப்பினார்கள், பையனுக்கு இப்போது கல்யாணம் வேண்டாமாம்.

நதியா கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள்தான். யார் கூப்பிட்டும் திரும்பவில்லை. பெற்றவளால் அதைத்தான் தாங்க முடியவில்லை. டாக்டர் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று. கோபத்தை இறக்கி வைக்க முருகம்மாளுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது.

நேராகக் கடை வாசலுக்கு வந்து நின்றாள்.

"ஏய் அன்னத்தாய்! அன்னைக்கே நீ தங்கத்தக் குடுத்திருந்தா வீக்கம் அன்னைக்கே வத்தியிருக்கும். எம்புள்ள முகம் முகமா இருந்திருக்கும். ஒரு சங்கிலிக்காக அவ வாழ்க்கையக் கெடுத்துட்டியேடி!"

தெருவே கூடிவிட்டது. ஒருத்தரும் தடுக்கவில்லை.

"வயித்துல ஒண்ணச் சுமந்திருந்தால்ல தெரியும்? மலட்டுச் சிறுக்கிக்குப் புள்ள வலி என்ன தெரியும்?"

குருசாமி எழுந்தார். "ஏத்தா, நாக்க அடக்கிப் பேசு! நீ யாரப் பாத்து..."

அன்னத்தாய் அவர் கையை இறுக்கிப் பிடித்து உட்கார வைத்தாள். முருகம்மாள் மண்ணை வாரித் தூற்றிவிட்டு, மூச்சு வாங்க வாங்கப் போனாள். கூட்டமும் காறித் துப்பிவிட்டுக் கலைந்தது.

குருசாமி கடைக் கதவைச் சாத்திவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"எதுக்கு இம்புட்டும் வாங்கிக் கட்டிக்கிற? அன்னைக்கே விஷயத்தச் சொல்லியிருக்கலாம்ல?"

"நோவுல புள்ள கிடக்கிறவகிட்டப் போயி சாவுக் கதையா பேசச் சொல்றீக? சங்கிலியவும் குடுத்து மதுரைக்கும் போன்னு சொன்னா போவாளா? இதப் போட்டு இன்னுங் கொஞ்சம் பாப்போம்னுதான் உக்காந்திருப்பா."

"அதுக்காக, மலடின்னு..."

"திட்டட்டும்ங்க. மக உசுரோட இருக்கா, திட்டுறா."

அன்னத்தாய் சேலையில் விழுந்த மண்ணைத் தட்டிவிட்டாள். கண்ணீர் அதற்குப் பிறகுதான் வந்தது.

"நம்ம மக சுபாவுக்கு இதே மாதிரி வீங்குனப்ப, கேட்ட வீட்டுல எல்லாம் இல்லன்னு சொல்லாமச் சங்கிலியக் கழட்டிக் குடுத்தாக. அன்னைக்கு ஒருத்தியாவது என்னை மாதிரி முடியாதுன்னு சொல்லியிருந்தா, நாமளும் மதுரைக்குத் தூக்கிட்டு ஓடியிருப்போம். அவள மண்ணுக்குள்ள வச்சிருக்க மாட்டோம்."